எல்லைப்புற மக்களின் உணவுத் தட்டில் கீரையும் கனியும் கடலையும்

(ஊட்டச்சத்துத் திட்டப் பணியில் ஈடுபட்டுள்ள அலுவலர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் ஆற்றிய உரையின் வடிவம்)

கேரள மாநிலத்தின் 44 ஆறுகளுள் 41 ஆறுகள் மேற்கு நோக்கி ஓடிக் கடலில் கலக்கின்றன. கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்று மட்டுமே கிழக்கு நோக்கிச் செல்கின்றன. இவற்றுள் பவானி பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி மலைகளை நனைத்துவிட்டுத் தமிழ்நாட்டிற்குள் நுழைகிறது. பாம்பாறு இடுக்கி மாவட்டத்து மறையூர்ப் பள்ளத்தாக்கின் வழியே இறங்கி அமராவதியைச் சேர்கிறது. பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் மாவட்டங்கள் அல்ல. எனினும் அவற்றின் கிழக்கு ஓரங்களுக்கு ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் மழை மறைவுப் பகுதிகள். இரண்டும் தமிழ்நாட்டை நோக்கியவை. இரண்டிலும் தமிழ் பேசும் மக்கள் பெருமளவில் வாழ்கின்றனர்.

மழை குறைந்த இந்நிலம் கேரளத்தின் பிற பகுதிகளில் அரிதாக விளைவனவற்றை விளைவிக்கிறது. சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய சிற்றூர்களில் நிலக்கடலை பயிராகிறது. முதலமடையின் மாந்தோப்புகளிலிருந்து, நாட்டின் பிற பகுதிகளில் மாம்பழப் பருவம் தொடங்குமுன்பே, காய்கள் வட இந்தியச் சந்தைகளுக்குப் புறப்படுகின்றன. நெல்லியாம்பதியில் அரசின் ஆரஞ்சு, காய்கறிப் பண்ணை இருக்கிறது. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலுள்ள காந்தளூரிலும் அதனை அடுத்த வட்டவடையிலும் காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, வெள்ளைப்பூண்டு ஆகியவற்றோடு ஆப்பிள், பிளம்ஸ், ஸ்ட்ராபெரி முதலிய கனிகளும் விளைகின்றன.

இவ்வளவும் விளையும் இடத்தில் விளைவிப்போரின் உணவுத் தட்டில் என்ன இருக்கிறது என்ற கேள்வியே இவ்வுரையின் பொருள். அதற்கு விடை காணும் கருவியாக மிக எளிய ஓர் உணவு எடுத்துக்கொள்ளப்படுகிறது. நகரங்களில் சாலட் என்று வழங்கப்படும் பச்சைக் கலவைதான் அது. இளங்கீரையும் பழமும் கடலையும் சேர்ந்த அக்கலவையை விருந்து விடுதியின் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுவோர் பலர். ஆனால் அது ஒரு பொருளாதாரச் செய்தியையும் தன்னுள் கொண்டிருக்கிறது.

இரத்த சோகையின் அளவு

2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்த சோகை உண்டு. கேரளத்தில் இவ்வளவு 36.3 சதவீதம், தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். கேரளத்தின் நிலை மேலானது என்பது உண்மை. ஆனால் மாநிலச் சராசரி என்பது மலையையும் பள்ளத்தையும் சமமாக்கிக் காட்டும் ஒரு கணக்கு. 2013ஆம் ஆண்டில் அட்டப்பாடியில் பழங்குடிக் குழந்தைகளின் இறப்புகள் நாட்டின் கவனத்தை ஈர்த்தபோது, தாய்மார்களின் ஊட்டக் குறைவும் சோகையுமே முதன்மையாகப் பேசப்பட்டன. உயர்ந்த எழுத்தறிவும் சிறந்த மருத்துவ வசதியும் கொண்ட ஒரு மாநிலத்திலேயே இந்நிலை இருந்தது என்பதால்தான் அச்செய்தி அனைவரையும் உலுக்கியது.

எந்தக் கீரை?

செய்முறைக்குச் செல்லுமுன் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. ஆங்கில நூல்களில் ஸ்பினாச் எனப்படும் கீரையைத் தமிழில் பசலைக்கீரை என்று மொழிபெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் வீட்டு வேலியில் படரும் கொடிப்பசலை வேறு செடி. கேரளத்தில் அதனை வள்ளிச்சீரை என்பர். நம் சந்தைகளில் பாலக்கீரை என்று விற்கப்படுவதோ பெரும்பாலும் பீட்ரூட்டின் இனத்தைச் சேர்ந்தது. இவை மூன்றும் தாவர இயலில் வெவ்வேறானவை. எனினும் கலவைக்கு மூன்றின் இளந்தளிர்களும் பயன்படும். குளிர்ந்த மலைப் பகுதிக்குப் பாலக்கீரையும் வெப்பமான சமவெளிக்குக் கொடிப்பசலையும் ஏற்றவை. முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, தகரை போன்றவை சமைத்து உண்ணத்தக்கவை. பச்சையாக உண்பதற்கு அவை பொருந்தா.

மூன்றும் ஏன் சேர வேண்டும்?

கீரையில் இரும்புச் சத்து மிகுதி என்பது பள்ளிப் பாடங்களிலிருந்தே அனைவரும் அறிந்த கூற்று. அதனைச் சிறிது எச்சரிக்கையுடன் அணுக வேண்டும். நூறு கிராம் பசலையில் ஏறக்குறைய 3 மில்லிகிராம் இரும்பே உள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வகுத்த அளவின்படி, வயது வந்த ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை. கீரையை மட்டும் நம்பினால் நாள்தோறும் ஒரு கிலோவை உண்ண வேண்டியிருக்கும். அதுவன்றி, தாவர உணவிலுள்ள இரும்பில் சிறு பகுதியையே குடல் ஈர்த்துக்கொள்கிறது. ஆகவே தட்டில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதோடு, உடலில் எவ்வளவு சேர்கிறது என்றும் கேட்க வேண்டும்.

இங்குதான் பழத்தின் பங்கு தொடங்குகிறது. உயிர்ச்சத்து ‘சி’ தாவர இரும்பை எளிதில் கரையும் வடிவத்திற்கு மாற்றி, அதன் ஈர்ப்பைப் பன்மடங்கு உயர்த்தவல்லது. சோற்று உணவோடு கொய்யாப்பழம் சேர்த்து உண்ட வளரிளம் பருவத்தினரின் உடலில் இரும்பு ஈர்ப்பு கணிசமாக உயர்ந்ததைத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆராய்ச்சியாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பழத்தைத் தனியே மாலையில் உண்பதைவிட உணவோடு சேர்த்து உண்பதில்தான் இப்பயன் கிட்டுகிறது.

அடுத்தது கடலையின் பங்கு. கீரையின் மற்றொரு பெருஞ்செல்வம் கரோட்டின். உடலில் அது உயிர்ச்சத்து ‘ஏ’ ஆக மாறுகிறது. அது கொழுப்பில் கரைவது. அமெரிக்காவின் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கொழுப்புச் சிறிதுமின்றிப் பச்சைக் கலவையை உண்டவர்களின் இரத்தத்தில் கரோட்டின் வகைகள் ஏறக்குறைய சேரவே இல்லை எனக் கண்டனர். எண்ணெய் சேர்த்தபோது அவை சேர்ந்தன. நிலக்கடலையில் ஏறக்குறையப் பாதி கொழுப்பு; கால் பங்கு புரதம். ஆகவே ஒரு கைப்பிடிக் கடலை கீரையின் கரோட்டின் உடலில் சேர்வதற்கு வழி திறக்கிறது.

கீரையில் ஃபோலிக் அமிலமும் உண்டு. இரத்த அணுக்கள் உருவாவதற்கும், கருவிலுள்ள குழந்தையின் நரம்பு வளர்ச்சிக்கும் அது இன்றியமையாதது. இதன் வரலாறு எல்லைப்புறத்திற்கு அயலானதன்று. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி 1928இல் பம்பாய்க்கு வந்து, கருவுற்ற பெண்களுக்கு வரும் ஒருவகைச் சோகையை ஆராய்ந்தார். பின்னர் அட்டப்பாடிக்கு வடகிழக்கே நீலகிரியிலுள்ள குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் தம் பணியைத் தொடர்ந்தார். ஈஸ்ட் சாற்றினால் அச்சோகை தீர்வதை அவர் கண்டார். அச்சாற்றில் அடங்கியிருந்த பொருளை 1941இல் அமெரிக்க விஞ்ஞானிகள் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்தபோது, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் அதற்குப் பெயரிட்டனர். ஃபோலிக் அமிலம் வெப்பத்தில் பெரிதும் அழிவது. கொதிநீரில் கரைந்து வெளியேறுவது. கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டும் வழக்கத்தால் நேரும் இழப்பு இதனால் விளங்கும்.

செய்முறை

நான்கு பேர் கொண்ட குடும்பத்திற்கு ஆய்ந்த இளம் பாலக்கீரை 200 கிராம், நடுத்தரக் கொய்யா இரண்டு, ஆரஞ்சு ஒன்று, வெள்ளரிக்காய் ஒன்று, வறுத்த நிலக்கடலை 60 கிராம், எலுமிச்சம்பழம் ஒன்று ஆகியவை போதும். கொய்யா கிடைக்காத பருவத்தில் மாம்பழமோ பப்பாளியோ ஈடு செய்யும். காந்தளூர்ப் பக்கத்தில் பாஷன் பழத்தின் சாற்றை எலுமிச்சைக்கு மாற்றாகக் கொள்ளலாம். உப்பும் மிளகுத்தூளும் சுவைக்கு ஏற்ற அளவு. புளிப்பு மிகுந்தால் மறையூர் வெல்லம் ஒரு சிட்டிகை சேர்க்கலாம்.

முதலில் கீரையின் முற்றிய தண்டையும் பழுத்த இலையையும் நீக்க வேண்டும். வாயகன்ற பாத்திரத்தில் நீர் நிறைத்து, கீரையை அமிழ்த்தி அலசி மேலே எடுக்க வேண்டும். அப்போதுதான் மண் அடியில் தங்கும். நீரை மாற்றி மும்முறை இவ்வாறு அலசுதல் நன்று. பின்னர் தூய துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்த வேண்டும். ஈரம் தங்கிய இலையில் எலுமிச்சைச் சாறு ஒட்டாது வழிந்துவிடும்.

நறுக்கியபின் கழுவுதல் கூடாது. கழுவியபின் நறுக்குதலே முறை. நறுக்கிய இடத்தின் வழியே நீரில் கரையும் சத்துக்கள் வெளியேறும். பழங்களையும் பரிமாறுவதற்குச் சற்று முன்னரே நறுக்க வேண்டும். காற்றுப் பட்டு நெடுநேரம் இருந்தால் உயிர்ச்சத்து ‘சி’ குறைந்துவிடும். கடலையை வெறுஞ்சட்டியில் மிதமான தீயில் வறுத்து, தோல் நீக்கி, ஒன்றிரண்டாகப் பொடித்துக்கொள்ள வேண்டும். பூஞ்சணம் பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய பருப்புகளைத் தயக்கமின்றி எறிந்துவிட வேண்டும். அவற்றில் கல்லீரலைக் கெடுக்கும் நச்சு இருக்கக்கூடும்.

இலைகளைக் கையால் கிள்ளிப் போட்டு, பழத்துண்டுகளையும் வெள்ளரியையும் சேர்த்து, எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகு கலந்து மெல்லப் புரட்டிவிட்டு, இறுதியில் கடலைப் பொடியைத் தூவ வேண்டும். உப்பை முன்னரே கலந்தால் இலை துவண்டு நீர் விடும். ஆகவே உண்ணும் நேரத்தில் கலப்பதே சரி.

இதில் ஒருவர் பங்கிற்குக் கிடைப்பது 50 கிராம் கீரை, ஏறத்தாழ அதே அளவு கொய்யா, 15 கிராம் கடலை. நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராம் வரை உயிர்ச்சத்து ‘சி’ இருப்பதால், ஒரு நாளின் தேவை இவ்வொரு தட்டிலேயே நிறைவு பெறுகிறது. கடலையின் கொழுப்பு ஏறக்குறைய 7 கிராம். கரோட்டின் சேர்வதற்கு அது போதுமானது. இதனை ராகிக் களியோடும் சாமைச் சோற்றோடும் உண்ணும்போது அத்தானியங்களின் இரும்பும் கூடுதலாக உடலில் சேரும்.

இவ்வுணவு முறை நம் மரபுக்குப் புறம்பானதும் அன்று. பாலக்காட்டு அக்கிரகாரங்களின் கோசுமல்லி, வேகவைக்காத பயறும் காயும் எலுமிச்சையும் தேங்காயும் கூடிய கலவைதான். கர்க்கடக மாதத்தில் பத்து வகை இலைகளைச் சேர்த்துத் தோரன் செய்யும் வழக்கம் கேரளத்தில் இன்றும் நிலவுகிறது. இருளர், முதுவர் முதலிய மலைமக்கள் காட்டிலும் கொல்லையிலும் பறித்துண்ணும் கீரை வகைகள் எண்ணற்றவை. ஆகவே கற்பிக்கச் செல்லும் பணியாளர் கற்றுக்கொள்ளவும் ஆயத்தமாகச் செல்ல வேண்டும்.

சில எச்சரிக்கைகள்

பச்சையாக உண்ணும் பொருளில் தூய்மையே முதல் நிபந்தனை. கழிவுநீர் பாயும் இடத்தில் வளர்ந்த கீரையும், அண்மையில் பூச்சிமருந்து தெளிக்கப்பட்ட கீரையும் இதற்கு ஆகா. குடிநீரின் தூய்மை உறுதியற்ற இடங்களிலும், அங்கன்வாடிக் குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் தரும்போதும், இலையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுத்து, ஆறியபின் கலப்பதே பாதுகாப்பு. இதனால் சத்தில் சிறிது இழப்பு நேரினும் நோய்க்கிருமிகள் அழியும். ஆக்சாலிக் அமிலமும் குறையும். சிறுநீரகக் கல் உடையவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களும் மருத்துவரைக் கேட்டே பசலையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிறு குழந்தைகளுக்கு முழுக் கடலை தருதல் கூடாது. மூச்சுக்குழாயில் சிக்கும் அபாயம் உண்டு. நிலக்கடலை ஒவ்வாதவர்களுக்கு அதனை அறவே தவிர்க்க வேண்டும்.

இடுக்கி மாவட்டத்திற்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. தேயிலைத் தோட்ட மக்களிடையே உணவோடு தேநீர் அருந்தும் வழக்கம் பரவலானது. தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள் தாவர இரும்பைப் பற்றிக்கொண்டு, அதன் ஈர்ப்பைப் பாதிக்கு மேல் குறைக்கவல்லது. எலுமிச்சை தருவதைத் தேநீர் பறித்துக்கொள்ளும். தேநீரைக் கைவிட வேண்டியதில்லை. உணவுக்கும் அதற்கும் இடையே ஒரு மணி நேரம் விட்டால் போதும். செலவு ஏதுமில்லாத இந்த அறிவுரை இன்னும் எல்லாத் தோட்டக் குடியிருப்புகளையும் எட்ட வேண்டும்.

விளைவும் உணவும்

பொருளாதார மாணவர்கள் கருத வேண்டிய செய்தி இனி வருகிறது. ஒரு வட்டாரத்தில் ஒரு பொருள் மிகுதியாக விளைவதால் மட்டும் அவ்வட்டார மக்கள் அதனை உண்பதாகக் கொள்ள இயலாது. மாங்காயோ காரட்டோ பயிரிடும் சிறு விவசாயி அதனைப் பணமாகவே காண்கிறார். வித்து, உரம், கடன் தவணை ஆகியவற்றுக்கு அப்பணம் தேவைப்படுகிறது. நல்ல காய் லாரி ஏறிச் செல்கிறது. வீட்டுச் சமையலுக்கு அரிசியும் ஒரு குழம்பும் மிஞ்சுகின்றன. தோட்டத் தொழிலாளியிடமோ, அட்டப்பாடியில் நிலத்தை இழந்த குடும்பத்திடமோ விற்பதற்கும் விளைவில்லை. வாங்குவதற்கும் போதிய வருவாயில்லை. நியாய விலைக் கடை அரிசியைத் தந்து பசியைத் தணித்தது. அது பெரும் சாதனையே. ஆனால் சாமையும் ராகியும் துவரையும் அவரையும் கீரையும் இருந்த தட்டில் அரிசி மட்டுமே நிறைந்தபோது, வயிறு நிரம்பியும் இரத்தம் வெளுத்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒருவர் நாள்தோறும் கீரை உட்பட 400 கிராம் காய்கறிகளும் 100 கிராம் பழமும் உண்ண வேண்டும் என்கிறது. கூலியை நம்பி வாழும் ஒரு குடும்பம் இவ்வளவையும் கடையில் வாங்குவது எளிதன்று. ஆகவே தட்டிற்கு மூன்று வழிகளில் பொருள் வந்து சேர வேண்டும். முதலாவது, வீட்டுக் கொல்லை. பாலக்கீரை விதைத்த ஒரு மாத அளவில் அறுவடைக்கு வரும், மீண்டும் தழைக்கும். இரு சிறு பாத்திகளை இரு வார இடைவெளியில் விதைத்தால் கீரை தொடர்ந்து கிடைக்கும். ஒரு கொய்யா மரமும் ஓர் எலுமிச்சைச் செடியும் ஒரு தலைமுறைக்குப் பயன் தருவன. இரண்டாவது, தரம் பிரிக்கையில் கழிக்கப்படும் கனிகள். அளவில் சிறியதாலும் தோலில் வடு இருப்பதாலும் சந்தை ஏற்காத பழத்தில் சத்து குறைவதில்லை. அதனைப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் சேர்ப்பதற்கு ஓர் ஏற்பாடே தேவை, பெருஞ்செலவு தேவையில்லை. மூன்றாவது, பொதுச் சமையலறைகள். அட்டப்பாடியில் 2013க்குப் பின் தொடங்கப்பட்ட சமுதாயச் சமையலறைகள் இதற்கு வழிகாட்டின. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் பெரிய தோட்டங்களில் சிற்றுண்டிச் சாலைகளுக்கு வகை செய்திருந்தது.

நம்பிக்கை அளிக்கும் முயற்சிகளும் இல்லாமலில்லை. 2017இல் கேரள அரசு அட்டப்பாடியில் சிறுதானியச் சிற்றூர்த் திட்டத்தைத் தொடங்கி, ராகி, சாமை முதலியவற்றின் சாகுபடிக்குப் புத்துயிர் ஊட்ட முற்பட்டது. அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இக்குறியீட்டால் விலை உயரும், அது வரவேற்கத்தக்கதே. ஆனால் விலை உயர்ந்ததால் விளைவித்தவர் வீட்டிலிருந்தே அப்பொருள் மறைந்துவிடுமாயின் வளர்ச்சியின் நோக்கம் நிறைவேறாது. ஒவ்வொரு சாகுபடித் திட்டத்திலும் விற்பனைக்கு எவ்வளவு என்று கணக்கிடும் அலுவலர், வீட்டுக்கு எவ்வளவு என்றும் ஒரு பத்தி சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லை உணர்தல்

ஒரு தட்டுக் கீரைக் கலவை சோகையை ஒழித்துவிடும் என்று கூறுவது பொறுப்பான பேச்சாகாது. கடுமையான சோகைக்கு மருத்துவமும் இரும்பு மாத்திரையும் தேவை. கொக்கிப் புழுவும் மலேரியாவும் காரணமாகும்போது அவற்றுக்குரிய சிகிச்சையே முதன்மை. அட்டப்பாடிப் பழங்குடியினரிடையே காணப்படும் அரிவாள் அணுச் சோகை பரம்பரை நோய். உணவால் அது தீராது. அதற்கென 2023இல் தேசிய இயக்கம் ஒன்று தொடங்கப்பட்டுள்ளது. நோயின் வகை அறியாமல் கீரையை மட்டும் பரிந்துரைப்பது நோயாளியின் காலத்தை வீணாக்குவதாகும். உணவு தடுப்பதற்குரியது, மாத்திரை திருத்துவதற்குரியது. இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாக நடைபெற வேண்டும்.

1970ஆம் ஆண்டு முதல் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகளை அரசு வழங்கி வருகிறது. 2018இல் தொடங்கிய ஊட்டச்சத்து இயக்கமும், சோகையற்ற இந்தியா இயக்கமும் அப்பணியை விரிவாக்கியுள்ளன. இவ்வளவுக்குப் பின்னும் நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் சோகையுற்றிருப்பது, மாத்திரைக்கு அப்பாலும் செய்ய வேண்டிய பணி இருப்பதையே உணர்த்துகிறது. அப்பணியின் ஒரு பகுதி சமையலறையில் இருக்கிறது. பெரும்பகுதி நிலத்திலும் கூலியிலும் சந்தையிலும் இருக்கிறது.

கீரையும் கனியும் கடலையும் தனித்தனியே இருக்கும்போது தருவதைவிட, ஒரே தட்டில் கூடும்போது மிகுதியாகத் தருகின்றன. வேளாண்மை, சுகாதாரம், கல்வி, பழங்குடி நலம் ஆகிய துறைகளுக்கும் இது பொருந்தும். கொழிஞ்சாம்பாறையின் கடலையும், முதலமடையின் மாங்கனியும், காந்தளூரின் காயும் கனியும் அவற்றை விளைவிக்கும் பெண்ணின் தட்டிலும் அவள் குழந்தையின் தட்டிலும் சேரும் நாளில்தான் அம்மண்ணின் விளைச்சல் முழுமை பெற்றதாகக் கொள்ளலாம்.